பெண் பார்க்கும் இடத்தில் போக்கர்

ரங்காத்தாள்: சிரிச்சா என்னங்க கொறைஞ்சு போயிரும்? பொண்ணு பாக்க வந்தவங்க முன்னால, பொண்ணப் பெத்த அப்பன் நீங்க... எளவு ஊட்டுல உக்காந்த மாதிரி...

தங்கவேலு: அதுக்குப் பேரு போக்கர் மூஞ்சி. உனக்கு அது...

ரங்காத்தாள்: தெரியாதுதானுங்க. பனியன் கம்பெனி வெச்சிருக்கறவருக்கு வெள்ளைக்காரன் சீட்டாட்டம் எதுக்குங்க? கேபிள்காரன் அந்தச் சேனலைக் குடுத்தாலும் குடுத்தான்...

தங்கவேலு: லேசாச் சொல்லாத புள்ள. அத்தனையும் ரோசனை. கையில நல்ல சீட்டு வந்தா மூஞ்சி மலரக் கூடாது. எதிராளி உசாராயிருவான். நம்ம சுகந்தி நல்ல சீட்டு.

ரங்காத்தாள்: பெத்த பொண்ணைச் சீட்டுங்கறீங்க! சரி, ஊட்டுக்குள்ள கூலிங்கிளாஸ் எதுக்குங்க?

தங்கவேலு: டிவில அல்லாரும் போட்டிருக்கறாங்க. கண்ணு காட்டிக் குடுத்துருமாம்.

ரங்காத்தாள்: மாப்பளையோட அம்மா என்னையக் கேக்கறாங்க, 'அண்ணனுக்கு மெட்ராஸ் கண்ணுங்களா?'ன்னு. கேட்டுப்போட்டுத் தள்ளி வேற உக்காந்தாங்க.

தங்கவேலு: நீ என்ன சொன்னே?

ரங்காத்தாள்: ஆமாம்னேன். பின்ன, டிவி பாத்துக் கெட்டுப் போனாருன்னு சொல்லட்டுங்களா?

தங்கவேலு: கெட்டுப் போகல புள்ள, கத்துக்கிட்டேன்.

ரங்காத்தாள்: அதையாச்சும் பொறுத்துக்கலாம். 'அவிநாசியிலயும் ஒரு பொண்ணு சொல்லியிருக்கறாங்க'ன்னு மாப்பளையோட அப்பா சொன்னாரு. அதுக்கு நீங்க... 'போய்ப் பாத்துக்கங்க'ன்னீங்க!

தங்கவேலு: அவரு பிளஃப் பண்ணுனாரு. கையில சீட்டே இல்லாம மெரட்டறது. நேத்து டிவில ஒரு தாடிக்காரன் அதையேதான் பண்ணுனான். எதுத்தாப்பல இருந்தவன் அசையவே இல்ல. செயிச்சுட்டான்.

ரங்காத்தாள்: அந்த மேசையில கண்ணாடி வெச்சிருக்குதுங்களே! அடியில கேமரா வெச்சு அவனவன் சீட்டை உங்களுக்குக் காட்டறாங்களே! இவரு மனசை உங்களுக்கு எந்தக் கண்ணாடிங்க காட்டுச்சு?

தங்கவேலு: பொழுது சாயறதுக்குள்ள போன் வரும், பாரு.

ரங்காத்தாள்: வந்தாத்தான் நான் தப்பிச்சேன். எங்க சுப்பண்ணன் எத்தனை நடை நடந்து கொண்டு வந்த சம்பந்தம்... இருங்க, அடிக்குது. அலோ... அண்ணா... ஆமாங்ணா... அப்படீங்களா... சரி, வெக்கறேனுங்ணா.

தங்கவேலு: பாத்தியா? நாஞ்சொன்னனா இல்லையா?

ரங்காத்தாள்: இங்கிருந்து நேராப் போய் அவிநாசிப் பொண்ணுக்குப் பூ வெச்சு நிச்சயம் பண்ணிட்டாங்களாம்.

தங்கவேலு: ஓ... அப்ப நெசமாவே கையில சீட்டு இருந்திருக்குது.

ரங்காத்தாள்: கெரகம்! இன்னுமா சீட்டு? அண்ணன் கொதிச்சுப் போய் இருக்குது. நேரா இங்கதான் வருது. வரட்டும், நானும் சேந்து கேக்கறேன். சோறு வடிச்சுட்டு வாரேன்... அதுக்குள்ள அந்த டிவிகிட்டப் போனீங்க, அப்பறம் இருக்குது.

சுகந்தி: அப்பா... அம்மா அடுப்படிக்குப் போயிட்டாங்க.

தங்கவேலு: மெதுவாப் பேசு கண்ணு.

சுகந்தி: அவரு மெரட்டறாருன்னு நெசமாவே நெனச்சீங்களா?

தங்கவேலு: அவிநாசிப் பொண்ணோட சித்தப்பன்தான் நம்ம கம்பெனிக்கு நூல் குடுக்கறவன். இவங்க அங்கயும் பேசிட்டிருக்கறதைப் போன வாரமே சொல்லிட்டான்.

சுகந்தி: தெரிஞ்சேவா போகச் சொன்னீங்க?

தங்கவேலு: கல்யாணம் ஆனா வேலைக்கு அனுப்ப மாட்டோம்னு அவங்க சொன்னாங்கன்னு, அன்னிக்கு எங்கிட்ட வந்து அழுதயில்ல...

சுகந்தி: அதுக்கு இப்படி வசவு வாங்கோணுங்களா? பொண்ணுக்கு இஷ்டமில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்க?

தங்கவேலு: சொல்லியிருந்தா, உன்ற மாமன் கொண்டு வந்த சம்பந்தத்தை நான் ஒதுக்குனதா ஆயிரும். அண்ணனா புருசனான்னு உங்கம்மா நடுவுல கெடந்து அழுவா. இப்பப் பாரு சாமி... அண்ணனும் தங்கச்சியும் ஒண்ணாச் சேந்து என்னைய வெய்யப் போறாங்க.