சனிக்கிழமை மீட்டிங்கு

அந்தக் கசேரயில இருக்காண்டாம் பாய், காலு ஆடும். மியூசிக் ஸ்கூல் கமிட்டியில சேந்த அண்ணு நான் அதுலதான் இருந்தேன். நன்றி சொல்ல எழும்புனேன், கசேரயோட சேந்து விழுந்தேன். எல்லாரும் கை தட்டுனாவ. இங்க, எனக்க பக்கத்துல இரிங்க.

யாக்கூப் பாய், நீங்க புது மெம்பரு. ஒரு உதவி செய்யணும். செக்ரட்டரி குளோரி டீச்சர் இண்ணைக்கு, மீட்டிங்க ஞாயித்துக்கிழமைக்கு மாத்தணும்ணு சொல்லுவாவ. நீங்க கைய தூக்கப்பிடாது. மூணுக்கு மூணுண்ணு நிக்குது, கேட்டியளா. ஒங்களுக்க கைதான் பாக்கி.

காரணமா? ஞாயித்துக்கிழம கோயிலுக்குப் போணும்லா. ஆமா, அது காலத்த எட்டு மணிக்கே முடிஞ்சுரும். பின்ன, மீனு வாங்கணும். அதுவும் காலத்ததான். செரி, விடுங்க.

எனக்கு சங்கீதம் தெரியுமாண்ணா? நல்லா கேட்டிய! நான் கணக்கு வாத்தியாரு. ஆண்டு விழாவுல மேடையில நிண்ணு வீணையத் தம்புராண்ணு சொன்ன ஆளாக்கும். போன மாசம் செருப்பு வைக்க ஸ்டாண்டு வேணுமா வேண்டாமாண்ணு முக்கா மணிக்கூறு பேசுனதும் நாந்தான். குளோரி டீச்சர் தலையில கை வச்சிட்டாவ. ஆறு மணி வர மீட்டிங்க இழுக்கணும்லா, என்ன செய்ய?

எனக்க மவ பிரிஜா இங்கதான் வயலின் படிக்கா. ஒம்பதாங் கிளாஸு. வீட்டுல அவ வாசிக்கும்போ நான் செவப்பு பேனாவும் கொண்டு பக்கத்துல இருப்பேன். வாத்தியாரு புத்தி போவுமா? பத்துக்கு இத்தரண்ணு மார்க்கு போட்டு ஃபிரிட்ஜு கதவுல ஒட்டுவேன். ஒரு நாளு என்னமோ வாசிச்சா. புஸ்தகத்துல தேடுனேன், காணல்ல. அவுட் ஆஃப் சிலபஸ்ணு எழுதி நாலு மார்க்கு போட்டேன். அது அவளே சொந்தமா உண்டாக்குன பாட்டாம். எனக்க கிட்ட முதல்ல காட்டணும்ணு வச்சிருந்தாளாம். அவளுக்க அம்மை சொல்லித்தான் தெரியும்.

அதுக்குப் பொறவு வீட்டுல வயலின் பெட்டியத் தொறக்கல்ல. வருசம் ஒண்ணாச்சு.

இங்க வந்தா, கிளாஸ் நேரத்துல தாய் தவப்பன கேட்டுக்கு உள்ள விடமாட்டாவ. அந்தச் சட்டமே என்னாலதான் வந்துது. ஜன்னல்ல நிண்ணு தாளம் போட்டேன், தப்புத் தாளம். கமிட்டி ஆளுவள மட்டும் விடுவாவ.

கிளாஸு சனிக்கிழம சாயங்காலம் மட்டுந்தான் பாய், ஆறு மணி வர. இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம். இங்கின இருந்தா நல்லா கேக்கும். சாயா குடிங்க, ஆறுது.