பத்திர விலை

கத்தரிக்காய் வாங்கப் போனாலும் நாலு கடையில் விலை கேட்டுவிட்டுத்தான் வாங்குவேன், இன்ஸ்பெக்டர் சார். தாம்பரம் மார்க்கெட்டில் என்னைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் கடைக்காரர்கள் உண்டு. அதில் எனக்கு வெட்கம் கிடையாது. விலை தெரியாமல் வாங்குகிறவன்தான் வெட்கப்பட வேண்டும்.

வீடு விஷயத்திலும் அப்படித்தான் செய்தேன். போன வருஷம், எண்பத்தேழில், பீர்க்கன்கரணை ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் துளசிங்கம் தன் பழைய வீட்டை விற்கப்போவதாகக் கேள்விப்பட்டேன். ஒரு கிரவுண்டு மனை, ஓட்டு வீடு, பின்னால் கிணறு. நாங்கள் அப்போது சேலையூரில் வாடகைக்கு இருந்தோம். என் மனைவி வேதா பாதித் துணியை அலசிக்கொண்டிருக்கும்போதே வீட்டுக்காரர் மோட்டாரை நிறுத்திவிடுவார். கேட்டால், "இஷ்டமில்லேன்னா காலி பண்ணிக்கோங்கோ" என்பார். வருஷக்கணக்காக இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் யாருக்கும் சொந்தக் கிணற்றின் மேல் ஆசை வரும்.

ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, பத்திர ஆபீசில் அந்தத் தெருவுக்கே வில்லங்கம் போட்டு, பத்திர நகல்களையும் எடுத்துப் பார்த்தேன். யார் யாருக்கு விற்றார், எவ்வளவுக்கு விற்றார் எல்லாம் அதில் வந்துவிடும். பக்கத்து வீடு, எதிர் வீடு, மூலை வீடு எல்லாமே நாற்பதாயிரத்தை ஒட்டித்தான் போயிருந்தன. நான் துளசிங்கத்திடம் போய் நாற்பது தருகிறேன் என்றேன்.

அவர் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

"இன்னா சார், பத்திரத்துல கீறத வச்சிக்கினு வெல பேசற? அது முத்திரைச் செலவுக்குப் பயந்துகினு கம்மியா எழுதறது. கைல வாங்கறது வேற. எண்பதுக்கு ஒரு ரூபா கொறயாது."

அதாவது, தெருவே சேர்ந்து பொய் எழுதியிருக்கிறது. சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் இரண்டு பேர் பள்ளிக்கூட வாத்தியார்கள். நான் நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்ததெல்லாம் வெறும் குப்பை. எனக்கு வந்த ஆத்திரத்தை உங்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. நான் வாங்கினால் கொடுத்த விலையைத்தான் எழுதுவேன் என்று துளசிங்கத்திடம் அப்போதே சொன்னேன். "எழுதிக்க சார், செலவு உன்னுது" என்றார்.

பி.எஃப். கடன், வேதாவின் வளையல் எல்லாம் சேர்த்தாலும் என்னால் முடிந்தது நாற்பதும் பத்திரச் செலவும்தான். திரும்பத் திரும்பப் போனேன். அவர் எண்பதிலேயே நின்றார். ஒவ்வொரு தடவையும் வெறுங்கையோடு சைக்கிள் மிதித்து வருவது எவ்வளவு எரிச்சல் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த வீட்டில் துளசிங்கத்தின் அக்கா அஞ்சம்மாள் இருந்தார். புருஷன் போன பிறகு தம்பியோடு வந்துவிட்டவர். நல்ல மனுஷி. வெயிலில் போனால் அப்போதே ஒரு குடம் இறைத்து, சில்லென்று ஒரு சொம்பு கொடுப்பார். ஒருநாள் அலுத்துப்போய் அவரிடம் கேட்டேன், இந்தத் தெருவில் உண்மை விலை எழுதின பத்திரம் ஒன்றுகூடக் கிடையாதா என்று.

"ஒண்ணு கீது சார். மூலையில முனிரத்தினம் வூடு. அது மெய்யாலுமே நாப்பதுக்குத்தான் போச்சு. அவரு மருமவ கெணத்துல வுழுந்து செத்துட்டா. அப்பால யாரு சார் அந்த வூட்ட வாங்குவாங்க? வந்த வெலக்கித் தள்ளிவுட்டாங்க."

அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன். ஒரு கணக்காவது நேரானதே என்றிருந்தது.

திங்கட்கிழமை முத்திரைத்தாள் வாங்கினேன். விலை எவ்வளவோ அதற்கேற்ற தாள் வாங்க வேண்டும், பின்பக்கத்தில் தாள் விற்பவர் நம் பெயரையும் தேதியையும் எழுதிக் கொடுப்பார், உங்களுக்குத் தெரியாததில்லை. பெரிய தாள் சமயத்தில் கிடைக்காது. அதனால் எதையும் முன்னாடியே வாங்கிவைப்பது என் பழக்கம். நாற்பதாயிரத்துக்கான தாள்.

வியாழக்கிழமை மத்தியானம் போனேன். துளசிங்கம் பெருங்களத்தூர் போயிருந்தார். அஞ்சம்மாள் வழக்கம்போல எனக்காகத் தண்ணீர் இறைக்க வந்தார். "தம்பிகிட்ட பேசிகினுகீறேன் சார். பத்து கொறச்சிக்கச் சொல்றேன். நீ கவலப்படாத" என்றார். அவருக்கு என் மேல் பிரியம்தான். ஆனால் பத்து போதாது. கைப்பிடிச்சுவர் முழங்கால் உயரம்தான் இருந்தது. இரண்டு கையும் கயிற்றில் இருந்ததால் அவரால் எதையும் பிடித்துக்கொள்ள முடியவில்லை. நான் நினைத்ததைவிட லேசாக இருந்தார். சத்தம் அடங்கும்வரை நின்றுவிட்டு வந்தேன். வழியில் முருங்கைக்காய் வாங்கினேன். முதல் கடையில் விலை அதிகம்.

கால் தவறி விழுந்துவிட்டார் என்று ஊர் சொன்னது. காரியமெல்லாம் முடியும்வரை நான் துளசிங்கத்தைத் தொந்தரவு செய்யவில்லை. அந்த நாகரிகம் எனக்கு உண்டு. பிறகு போய் நாற்பது என்றேன். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. "எட்த்துக்க சார்" என்றார்.

ஆசைப்பட்ட வீட்டுக்கு வந்தும் வேதா அந்தக் கிணற்றில் ஒரு வாளி இறைப்பதில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருக்குழாய்க்குப் போகிறாள். யாருக்காக இவ்வளவு பாடுபட்டேன் என்று நினைத்தால் வெறுத்துப்போகிறது.

துளசிங்கம் பத்திர நகலை உங்களிடம் காட்டி, அக்கா சாவதற்கு முன்னாலேயே, தான் எண்பதில் நின்றபோது, இந்த ஆள் நாற்பதுக்குத் தாள் வாங்கியது எப்படி என்று கேட்டாராம். நேற்று வக்கீல் சத்தியநாதன் வந்தார். "எண்பதுக்கே வாங்கறதா இருந்தேன், எல்லாரையும் போல பத்திரத்துல நாப்பது காட்டலாம்னு தாள் வாங்கினேன்னு சொல்லிடுங்க சார். ஊரே செய்யறதுதான், ஜட்ஜும் நம்புவார்" என்றார். அவரைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

அஞ்சம்மாளை நான்தான் தள்ளினேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் பத்திரத்தில் பொய் விலை காட்ட நினைத்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அந்தத் தெருவில் நேர்மையான பத்திரம் இரண்டுதான், சார். அதில் ஒன்று என்னுடையது.