டோரி அழமாட்டாள்

நெருங்கி உட்காருங்கள். விளக்கு எரிந்தால் எரியட்டும்... இது இருட்டில் நடந்த கதை இல்லை.

பகல் பன்னிரண்டு மணி. ஆரஞ்சுத் தோப்புகளுக்கு நடுவே ஆளில்லாத மண் ரோடு. என் நண்பன் எமெட்டின் சித்தப்பா ஆர்வில் தனியாக நடந்து போகிறார். லாஸ் ஏஞ்சல்ஸில் ஊமைப் படங்களுக்குக் கேமரா சுற்றியவர்; அந்தக் காலத்துக் கேமராவில் கைப்பிடியைச் சுற்றினால்தான் பிலிம் ஓடும். டைரக்டர் ‘கட்’ சொல்லும்வரை கைப்பிடியை நிறுத்தக் கூடாது. அங்கே அதுதான் சட்டம்.

ஞாயிற்றுக்கிழமை. ஸ்டுடியோவில் யாரும் இருக்கமாட்டார்கள். மறந்துவிட்டு வந்த தொப்பியை எடுக்கத்தான் போனார். வழியெல்லாம் டோரியின் நினைப்பு.

நாலு வயதில் நடிக்க வந்த பிள்ளை. நடித்தது மூன்றே வருடம். அவளை அழவைக்க டைரக்டர் புரூயிட்டுக்கு ஒரே தந்திரம்தான். கேமரா சுற்ற ஆரம்பித்ததும், “உங்கம்மா செத்துட்டா” என்பான். பிள்ளை கதறும். ‘கட்’ சொல்லிவிட்டுச் சிரிப்பான். பொய் என்று தெரிந்தே ஆர்வில் சுற்றினார்... பாவம்தான், சந்தேகமில்லை.

ஒரு நாள் அவள் அம்மா நிஜமாகவே டிராமில் அடிபட்டுச் செத்துப்போனாள். சேதி முதலில் வந்தது புரூயிட்டுக்கு. சும்மா விடுவானா? கேமராவைச் சுற்றச் சொல்லிவிட்டுத்தான் பிள்ளையிடம் சொன்னான்.

டோரி இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

“எப்பப் பாத்தாலும் இதையேதான் சொல்றீங்க. இனிமே அழமாட்டேன். வேணும்னா நீங்க அழுங்க.”

வீட்டுக்குப் போனபிறகுதான் உண்மை தெரிந்தது. அப்புறமும் கேமரா முன்னால் ஒரு சொட்டு விடவில்லை. கிள்ளிப் பார்த்தான், வெங்காயம் வைத்துப் பார்த்தான்... ம்ஹூம். விரட்டிவிட்டான். அந்தக் குளிர்காலத்திலேயே காய்ச்சலில் கண்ணை மூடினாள். இனிமேல் வருவதைக் கேட்டு நீங்கள் பயந்தால் பயந்துகொள்ளுங்கள், நான் சபாஷ் டோரி என்றுதான் சொல்வேன்.

ஆர்வில் ஸ்டுடியோ கேட்டைத் தள்ளினார். உள்ளே... கர்க், கர்க், கர்க். அவருடைய கேமராதான். கூடவே உரித்த ஆரஞ்சுத் தோலின் வாசனை. டோரியின் சட்டைப் பையில் எப்போதும் அந்த வாசனைதான் இருக்கும்.

கூரையில்லாத மேடையில் வெயில் கொளுத்தியது. முக்காலியின் கால்களை யாரோ குறுக்கி, கேமராவை ஒரு சின்னப் பிள்ளையின் உயரத்துக்கு இறக்கியிருந்தார்கள். எதிரே புரூயிட் விழுந்து கிடந்தான். உயிரில்லை. முகமெல்லாம் ஈரம். பக்கத்தில் ஆள் யாரும் இல்லாமலே கைப்பிடி சுற்றிக்கொண்டிருந்தது... ஆர்வில் அருகே போனதும் நின்றது. தொட்டார். ஆரஞ்சுச் சாறு பிசுபிசுத்தது.

கேமராப் பெட்டியிலிருந்த பிலிமைக் கழுவிப் போட்டுப் பார்த்தார்கள். முழுக்க புரூயிட்தான். மண்டியிட்டுத் தேம்பித் தேம்பி அழுகிறான். படத்தில் சத்தம் கிடையாது. ஆனாலும் அவன் உதடு சொன்னது எல்லோருக்கும் புரிந்தது.

கட்... கட்... கட்... கட்...

பிலிம் தீரும்வரை அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான்.