வண்டிக்கு உசிரு இருக்கிற எடம்

ஆரன் அடிச்சுப் பாத்தீகளாண்ணே? அடிக்குதுல்ல? அது அடிக்கும். லைட்டையும் போட்டுப் பாருங்க, ரெண்டும் பளிச்சுன்னு எரியும். பேட்டரி மேல கொறை கெடையாது. பேட்டரி செத்திருந்தா ஆரன் தொண்டை கட்டின சேவல் மாதிரியில்ல கத்தும்?

சிரிங்க, சிரிங்க. பிள்ளையை இடுக்கிக்கிட்டு வந்து நின்னு ஒருத்தி பேட்டரிக்கு நாடி பாக்குறாளேன்னு சிரிப்புத்தான் வரும். மொதல்ல இந்த மோரைக் குடிங்க, முதலாளியம்மா குடுத்து விட்டாக. மதுரையில ரயிலேறி, தேனியில எறங்கி, அங்கனருந்து பஸ்ஸுல சின்னமனூருக்கு வந்து சேந்திருக்கீக. வாயெல்லாம் புழுதியா இருக்கும்.

நானா? இந்த வண்டி டிரைவரோட பொஞ்சாதி. இவ எங்க மக ராமுத்தாயி, பத்து மாசம். ஏய், அண்ணனோட திருப்புளியை எடுக்காத. அது வாயில வைக்கிற சாமானா? குடு. பாத்தீகளா, இவளும் மெக்கானிக்குத்தான்.

உங்க பேரு என்னண்ணே? லூர்துநாதனா. அப்ப வேதக்காரக, மாதா கோயிலுக்குப் போறவுக. எனக்கு அஞ்சாப்பு வரைக்கும் சொல்லிக் குடுத்த டீச்சரும் உங்காளுகதான். ராயப்பன்பட்டிக்காரக, இருதயம்மா டீச்சர். கணக்குப் போடும்போது நாலாவது வரிக்குக் குதிச்சேன்னு வைங்க, காதைப் பிடிச்சு ரெண்டாவது வரிக்கு இழுத்தாந்து விடுவாக. அந்தப் பழக்கந்தான் எனக்கு. நீங்களும் ஒண்ணுக்கப்புறம் ஒண்ணாக் கேளுங்க.

வண்டி மூக்குல ஏண்டில் போட்டுச் சுத்துனா இஞ்சின் சுத்துது, ஆனா பிடிக்க மாட்டேங்குது. சரி, பெட்ரோல் வருதான்னு குழாயைக் கழட்டிப் பாத்தாச்சு, வருது. வயித்துக்குச் சோறு இருக்கு, அடுப்புலதான் தீ இல்ல. அப்ப மின்சாரத்துலதானே கோளாறு? பிளக்குக் கம்பியைக் கழட்டி இரும்புகிட்ட பிடிச்சாக எங்க வீட்டுக்காரக. ஏண்டில் சுத்துனது நானு. ஆமாண்ணே, நானேதான். தெனமும் ஆட்டுக்கல்லு சுத்துற கை, இதுல என்ன இருக்கு. நல்ல நாளா இருந்தா அந்தக் கம்பி நுனியில நீலமா ஒரு பொறி துள்ளும். ஒருக்கா அது அவுக கையிலயே அடிச்சு, ராமுத்தாயி காதை நான் பொத்த வேண்டியதாப் போச்சு, அப்பேர்ப்பட்ட பேச்சு பேசினாக. அன்னைக்கு ஒண்ணையும் காணோம்.

எலி கடிச்சிருக்குமோன்னு ஒவ்வொரு வயராத் தடவிப் பாத்தாக. கடிக்கல. பேட்டரிக் காதுல பச்சையும் வெள்ளையுமா பூத்திருந்துச்சு, வென்னீர் ஊத்திக் கழுவி இறுக்கி மாட்டினாக. சுவிச்சையும் பாத்தாச்சு. அப்புறம் அந்தக் காயில், எண்ணெய்ப் புட்டி மாதிரி உருட்டையா இருக்குல்ல, அதைத் தொடக் கை நீட்டுறப்பத்தான் முதலாளி வந்து நின்னாக.

அவுக கோவத்துக்கும் ஞாயம் இருக்குண்ணே. ஆயுத பூசைக்கு மறுநா, விஜயதசமி. மகளுக்கு மாப்பிள்ளை பாக்கக் கம்பத்துக்குக் கெளம்பினாக. பூசையன்னைக்குத்தான் ஆயுதத்துக்கெல்லாம் ஓய்வாச்சே, வண்டியை யாரும் எடுக்கல. விடிஞ்சதும் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வச்சு, எல்லாரும் பட்டுக் கட்டி ஏறி உக்காந்தாச்சு. வண்டி அசைஞ்சாத்தானே? பழம் நாலும் நசுங்காமக் கெடந்துச்சு. முதலாளியம்மா அதை எடுத்து ஊறுகா போட்டுட்டாக. கடைசியில மாட்டு வண்டி பூட்டி, நல்ல நேரமெல்லாம் போயி, ராகுகாலத்துல போய் எறங்கியிருக்காக கம்பத்துல. மாப்பிள்ளை வீட்டுல தண்ணி குடுத்தாகளாம். அதோட சரி.

அதுல பத்தாததுக்கு இந்த அம்மாவாசி. தோட்டத்துக் காரியமெல்லாம் பாக்குறாரே, மீசை வச்சுக்கிட்டு, உங்களுக்கு ஷெட்டுக் கதவைத் தொறந்து விட்டாரே, அவருதான். முதலாளி காதுல போயி, டிரைவரு நல்ல காயிலைக் கழட்டிப் போடியில வித்துப்புட்டு ஓட்டைக் காயிலை மாட்டியிருக்கான்னு ஓதிப்புட்டாரு. அவருக்கு ஒரு மச்சினன் இருக்கான், மதுரையில கார் ஓட்டப் படிச்சுட்டுச் சும்மா உக்காந்திருக்கான். இதுக்கு மேல நான் என்னத்தைச் சொல்ல?

முதலாளி நல்லவுகதான். ஒரேயடியா வேலையை விட்டுப் போன்னு சொல்லல. ஷெட்டைப் பூட்டி, சாவியை இடுப்புல சொருகிட்டு, மதுரைக்கு ஆள் விட்டிருக்கேன், மெக்கானிக்கு வந்து வண்டி சரியானா ஆச்சு, இல்லாட்டி வெள்ளிக்கிழமை வீரபாண்டி மாரியம்மன் கோயில்ல கற்பூரத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணுன்னாக. வண்டி கெடுற மாதிரி நானோ என் வீட்டாளுகளோ இந்த இஞ்சினுக்குள்ள கை வைக்கலன்னு. எங்க வீட்டுக்காரக யோசிக்கவே இல்ல, இப்பவே கூட அணைக்கிறேன்னுட்டாக. வெள்ளிக்கிழமை இன்னைக்குத்தான். காலையிலருந்து பச்சைத் தண்ணி பல்லுல படல. ஆத்துக்குக் குளிக்கப் போயிருக்காக. சாயங்காலம் கோயிலுக்கு வண்டி பூட்டுறாக.

பதறாதீகண்ணே, அவுக திருடலை. காயில்ல ஒரு கொறையும் இல்ல, நீங்களே பாத்துக்கிடுங்க.

இந்தா, இந்தக் கறுப்பு மூடி இருக்கே, பிளக்குக் கம்பியெல்லாம் ஒண்ணாப் போய்ச் சேருதே, இதை மட்டும் அவுக தொறக்கவே இல்ல. ஏன்னா, பூசைக்கு மொத நாளு அவுகளே தொறந்து, உப்புத்தாளு போட்டுத் தேச்சு, ரெண்டு முனைக்கும் நடுவுல நகக்கண்ணு அளவு எடவெளி வச்சு மூடினாக. நான் வச்சது சரியாத்தான் இருக்கும், அதுல கை வைக்க வேண்டாம்னுட்டாக. ஆம்பளைகளே அப்படித்தான், தான் வச்ச எடத்தை விட்டுட்டு ஊரு பூராவும் தேடுவாக. நீங்க அப்படி இல்லையா? உங்க வீட்டு அண்ணியைக் கேட்டாத் தெரியும்.

அன்னைக்கு மூடும்போது என்னையக் கூப்பிட்டுக் காட்டினாக. இந்த ரெண்டு முனையும் தொட்டுத் தொட்டுப் பிரியுது பாரு, இதுலருந்துதான் பொறியே பெறக்குது, வண்டிக்கு உசிரு இருக்கிற எடமே இதுதான்னாக. எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துப் போச்சு.

மறுநா பூசை. அவுக வாழைக்கன்னு வெட்டப் போயிட்டாக, வண்டியைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைக்கிறது என் வேலை. சக்கரத்துக்கு வச்சேன், லைட்டுக்கு வச்சேன், ஆரனுக்கு வச்சேன். வச்சுட்டுத் தள்ளி நின்னு பாக்குறேன், எல்லாம் வெறும் தகரமும் கண்ணாடியும். உசிரு உள்ள கெடக்கு, நாம சட்டைக்குப் பொட்டு வச்சுட்டு வந்தா சாமிக்கு என்ன மரியாதைன்னு தோணிச்சு. ரெண்டு பக்கமும் கிளிப்புத்தானே, நெம்பினேன், வெத்திலைப் பொட்டி மாதிரி தொறந்துக்கிடுச்சு. அந்த ரெண்டு முனைக்கும் நடுவுல, நல்லாக் கெட்டியா அரைச்ச சந்தனம். கஞ்சத்தனம் பண்ணல.

நேத்துத்தான் எனக்குப் பொறி தட்டுச்சு. இவ நெத்தியில காஞ்ச சந்தனம் ஓடு மாதிரி உரிஞ்சு கையில வந்துச்சு. அங்கயும் இப்படித்தானே காஞ்சு, அந்த ரெண்டு முனையையும் தொட விடாம நிக்கும்? அடி ஆத்தா, அவுக தெரியாமப் பொய்ச் சத்தியமில்ல பண்ணப் போறாகன்னு உக்காந்துட்டேன். ஓடிப் போயி நானே தொடைச்சிருப்பேன், ஷெட்டு பூட்டிக் கெடக்கே. அவுககிட்டச் சொன்னா அந்த நிமிசமே போயி முதலாளிகிட்ட ஒப்பிச்சிருவாக, மறைக்கத் தெரியாத மனுசன். அம்மாவாசி சும்மா விடுவாரா? உள்ள கை விட்டவ காயிலையும் கழட்டியிருப்பான்னு கட்டி விட்டுருவாரு. வெளியூரு மனுசர் ஒருத்தர் வந்து, எல்லாச் சாமானும் அப்படியே இருக்குன்னு கண்ணால பாத்துச் சொன்னாத்தான் இது தீரும். அதான் மோரை நானே கொண்டாறேன்னு முந்திக்கிட்டு வந்தேன்.

அதனால, நீங்க தனியாத் தொறக்க வேண்டாம். முதலாளியைக் கூப்பிட்டுப் பக்கத்துல நிறுத்திக்கிட்டு மூடியைத் தொறங்க. யாரு வச்சதுன்னு கேட்டா என்னையக் காட்டுங்க, இங்கனயேதான் நிப்பேன், ஓட மாட்டேன். வீட்டுக்காரககிட்ட நானே சொல்லிக்கிடுறேன், மொதல்ல ஒரு வாய்ச் சோறு உள்ள போகட்டும். அவுக ஆத்துலருந்து வந்து ஈரத்துணியைப் பிழியுறதுக்குள்ள இந்த வண்டி ஒரு சத்தம் போட்டுட்டாப் போதும், கற்பூரத்துக்கு வேலை இருக்காது.

இன்னும் ஒண்ணே ஒண்ணுண்ணே. சுரண்டுறதைக் கீழ தட்டிப்புடாதீக, சாமிக்கு வச்ச சந்தனம். வேதக்காரக தொடலாம்ல? அப்ப ஒரு சொட்டுத் தண்ணி விட்டுக் கொழைச்சு, உங்க கையாலயே இவ நெத்தியில ஒரு பொட்டு வச்சு விடுங்க.