அம்மைக்கு எம்.சி.

ஜெலாப்பாங் தொழிற்சாலையில் வேலை முடிந்து புந்தோங் திரும்பும் பஸ். எனக்கு முன் இருக்கையில் சீருடையோடு இரண்டு பெண்கள் சாய்ந்து கிடந்தார்கள்.

“அக்கா, அம்மன் வந்ததுக்கு யாரு எம்.சி. கொடுப்பா?” என்றாள் இளையவள். நான் கேட்காததுபோல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“ஸ்கூல்ல கேக்குறாங்களா?”

“ஆமாக்கா. மவளுக்கு மூணு தண்ணி ஊத்தி அனுப்புனேன். டாக்டரோட எம்.சி. கடுதாசி இல்லாம கிளாசுல விட மாட்டேங்கிறாங்க. அடுத்த வாரம் பரீட்சை.”

“கிளினிக்குப் போயி வாங்கிட்டு வா லா.”

“போனேனே. எல்லாம் காஞ்சிருச்சு, இப்ப என்னன்னு எழுதுறது, வந்தப்பவே ஏன் கூட்டிட்டு வரலன்னு டாக்டர் ஏசுறாரு.”

“தழும்ப வாத்தியார்கிட்ட காட்ட வேண்டியதுதானே?”

“காட்டினேன். நாற்காலிய இழுத்துக்கிட்டுப் பின்னால போயிட்டாரு.”

மூத்தவள் சிரித்தாள். இளையவள் சிரிக்கவில்லை.

“நேத்துலேருந்து சின்னவனுக்கும் உடம்பு கொதிக்குதுக்கா. காலையில முதுகுல ரெண்டு முத்து பார்த்தேன்.”

“ஐயோ. வேப்பிலை இருக்கா?”

“இருக்கு.” அவள் எழுந்து மணியை அழுத்தினாள். “ஆனா இவன இன்னைக்கே கிளினிக்குக் கூட்டிட்டுப் போறேன். ஆத்தாகிட்ட அப்புறமா மன்னிப்புக் கேட்டுக்கிறேன்.”

அவள் இறங்கிய பிறகு, மூத்தவள் அவளுக்காகத் தன் கன்னத்தில் மெல்லப் போட்டுக்கொண்டாள்.