பத்து செகண்டு

பரமத்தி வேலூரிலிருந்து நாமக்கல் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் ஓர் அப்பாவும் மகளும். மகள் மடியில் பழைய லேப்டாப். காதைப் பொத்திக்கொள்ளும் வழக்கம் எனக்கில்லை.

"நீங்க ஜாதகப் பொருத்தம் பாக்கற விண்டோஸ் அப்படியே இருக்குதுங்கப்பா. நான் பரீச்சைக்குப் படிக்கறதுக்கு அதுலயே விண்டோஸ் மாதிரி லேசான லினக்ஸ் ஒண்ணும் போட்டிருக்கறேன். ஆன் பண்ணுனா ரெண்டுல எது வேணும்னு கேக்கும்."

"ஒண்ணும் சொல்லலீன்னா?"

"பத்து செகண்டு பாக்குமுங்க. அப்புறம் மொதல்ல இருக்கறத அதுவா எடுத்துக்கும்."

"பேசாம இருந்தா சரின்னு அர்த்தமா?"

"அதுக்கு அப்படித்தானுங்கப்பா."

இரண்டு நிறுத்தம் வரை அவர் லேப்டாப்பையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நாம சொல்ற வரைக்கும் காத்திருக்கற மாதிரி வெக்க முடியாதா?"

"வெக்கலாமுங்க."

"அப்படியே வெச்சிரு. ஏஞ்சாமி, ஞாயித்துக்கெழம உன்னயப் பொண்ணு பாக்க வாராங்களே, அதுக்கு நீ ஒண்ணுமே சொல்லலியே?"

மகள் லேப்டாப்பை மூடினாள். திறந்தாள். மறுபடி மூடினாள்.

அவர் செல்போனை எடுத்தார்.

"தரகருங்களா? ஞாயித்துக்கெழம அவங்கள வர வேண்டாம்னு சொல்லிப்போடுங்க. இல்லீங்க, புள்ள வேண்டாம்னு சொல்லலீங்க. சரின்னும் இன்னும் சொல்லலீங்க."