வயல் நாய்க்கு எதற்கு ஊசி

நாய் வளர்ப்பதில் பெரிய செலவு சோறு இல்லை ஐயா, ஊசிதான். மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறவன், எனக்குத் தெரியும். குட்டியில் இரண்டு மூன்று தரம், அப்புறம் வருஷா வருஷம். வெறிநோய்க்கு ஒன்று, மற்ற நோய்களுக்குச் சேர்த்து ஒன்று. "நாய்க்குப் போயி இவ்ளோ செலவா?" என்று கடைக்கு வருகிறவர்கள் அலுத்துக்கொள்வார்கள். "நாய்க்கு இல்லப்பா, உன் புள்ளைக்கு" என்பேன். போய்ப் போட்டுவிடுவார்கள். எழிலன் சொன்னால் சரியாக இருக்கும் என்று செஞ்சியில் எனக்கு ஒரு பெயர் உண்டு.

போன வருஷம் வியாபாரிகள் சேர்ந்து இலவசமாகவே ஊசி முகாம் நடத்தினோம். மைக்கைப் பிடித்து நான்தான் பேசினேன். என் நாயை மட்டும் கொண்டுபோகவில்லை. டைசன் சிங்கவரத்தில் எங்கள் வேர்க்கடலைக் கொல்லையில் காவலுக்குக் கிடந்தான். அவனை வண்டியில் ஏற்றினால் அன்றைக்குப் போட்டிருந்த வெள்ளைச் சட்டை பாழாகிவிடும். வயல் நாய்தானே, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். ஆகவே செலவைக் காரணம் சொல்ல எனக்கு வாயில்லை. நாளாவட்டத்தில் ஊசி போட்டுவிட்ட மாதிரியே நினைத்துக்கொண்டேன். மலைப்பக்கம் இருந்து இறங்கிய நரியோடு சண்டை போட்டு அவன் மூக்கைக் கிழித்துக்கொண்டு வந்தபோதுகூட, களிம்பு தடவிவிட்டுக் கடைக்கு வந்துவிட்டேன்.

கடலை பிடுங்கும் சமயத்தில் சிங்கவரத்து ரஞ்சிதம் கூலிக்கு வருவாள். பள்ளி லீவு என்றால் மகள் நிலாவும் கூட வரும். ஒன்றாம் வகுப்பு படிக்கிற பிள்ளை. தன் சோற்றில் ஒரு கை எடுத்து டைசனுக்கு வைக்கும். அன்றைக்கும் வைக்கக் குனிந்தது. கன்னத்தில் கடித்துவிட்டான்.

"ஊசி போட்ட நாய்தானண்ணா?" என்று ரஞ்சிதம் கேட்டாள். கடலை பிடுங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் கை மண்ணோடு எழுந்து நின்று என் வாயையே பார்த்தார்கள். பாதிப்பேர் முகாமில் என் பேச்சைக் கேட்டவர்கள்.

"போட்டாச்சும்மா, அதுல இன்னா கொறச்சல்" என்றேன். இல்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை. "டாக்டர் கேட்டா, ஊசி போட்ட நாய், பல்லு லேசா பட்டுச்சுன்னு சொல்லு" என்றும் சொல்லி அனுப்பினேன்.

டாக்டர் முதல் ஊசியைப் போட்டுவிட்டு, எந்த நாயாக இருந்தாலும் அடுத்தடுத்த ஊசிகளை விடக்கூடாது, நாயையும் பத்து நாள் கண்ணில் வைத்திருக்கவேண்டும் என்று சொல்லியிருக்கிறார். கடித்த நாய் பத்து நாள் உயிரோடு இருந்தால் பயமில்லை என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கடிபட்ட வீட்டார் வந்து நாயைப் பார்த்துவிட்டுப் போவார்கள். நாய்க்காரர் ஒளிக்காமல் காட்டவேண்டும். அது முறை.

டைசன் பத்து நாள் இருக்கவில்லை. மறுநாளே தாடை தொங்கி எச்சில் ஒழுகியது. தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வாய்க்குள் கையை விட்டுப் பார்த்தேன். எலும்பு எதுவும் இல்லை. அடுத்த நாள் சாயங்காலம் கிணற்றடியில் செத்துக் கிடந்தான். கையுறை மாட்டிக்கொண்டு, ஆழமாகத் தோண்டி, பிளீச்சிங் பவுடர் கொட்டிப் புதைத்தேன். அந்த அளவுக்கு எனக்கு விவரம் தெரியும்.

டைசனைக் குட்டியில் கொடுத்தவர் தொண்டூர் முருகையன். அதே ஈற்றில் பிறந்த இன்னொன்று அவர் வீட்டிலேயே வளர்ந்துகொண்டிருந்தது. அதே செவலை, நெஞ்சில் அதே வெள்ளை. கடலை முடிகிற வரைக்கும் காவலுக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கிவந்து, டைசனின் சங்கிலியில் கட்டினேன். பிள்ளைக்குக் கெடுதல் நினைத்து இதைச் செய்யவில்லை. ஊர் வாயில் விழக்கூடாது, அவ்வளவுதான். எப்படியும் அடுத்த ஊசிகளைப் போட்டுக்கொள்வார்கள், பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்று கணக்குப் போட்டிருந்தேன். இப்போது வாய்விட்டுச் சொல்லும்போது எனக்கே கூசுகிறது.

ஒன்றரை மாதம் கழித்து நிலா தண்ணீர் குடிக்க மாட்டேன் என்றது. விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கார் ஏற்பாடு செய்து நானும் கூடப் போனேன். மற்ற ஊசிகளை ஏன் போடவில்லை என்று அங்கே கேட்டார்கள். "நாயி நல்லாத்தான் இருக்குது சார், இன்னைக்குக்கூட பாத்தேன்" என்றாள் ரஞ்சிதம். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். இரண்டு நாளில் பிள்ளை போய்விட்டது.

சாவு வீட்டிலேயே பேச்சு ஆரம்பித்துவிட்டது. கூலி போகும் என்று பெற்றவளே ஊசியை விட்டுவிட்டாள் என்று அவள் காதுபடப் பேசினார்கள். யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை, ஐயா. நேற்று ரஞ்சிதம் கடைக்கு வந்து, "நான்தானண்ணா எம்புள்ளைய கொன்னுட்டேன்?" என்று கேட்டாள். தூக்கத்துக்கு ஒரு மாத்திரை கொடுத்து அனுப்பினேன். அதன் பிறகு கல்லாவில் உட்கார முடியவில்லை.

அவள் ஊசியை விடவில்லை, ஐயா. அதைச் சொல்லத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

தொண்டூர் நாயைக் கட்டிவிட்டு நான் நேராகத் திண்டிவனம் போனேன். டைசன் வாயில் கை விட்டவன் அல்லவா. உள்ளூரில் போட்டுக்கொண்டால் ஏன் என்று கேட்பார்கள். அங்கே போட்டுக்கொண்டேன், பிறகு சொன்ன தேதியில் எல்லாம் போய், ஒன்றுகூட விடாமல் போட்டுக்கொண்டேன். அந்த முதல் ஊசி முடிந்து கொல்லைக்குத் திரும்பும்போது, சிங்கவரம் பஸ் ஸ்டாப்பில் ரஞ்சிதமும் நிலாவும் நின்றிருந்தார்கள். இரண்டாவது ஊசிக்குப் போகிறார்கள். போனால் டாக்டர் நாயைப் பற்றிக் கேட்பார், ஆள் விட்டுப் பார்த்தாலும் பார்ப்பார் என்று எனக்குத் தோன்றியது. வண்டியை நிறுத்தினேன்.

"நாயி கல்லாட்டம் இருக்குது, வந்து பாரு. ஊசி போட்ட நாயிக்கு இதெல்லாம் தேவையே இல்ல. எதுக்குக் கூலிய விட்டுட்டு அலையற?" என்றேன். கொல்லைக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன்.

நிலா கொஞ்ச நேரம் பார்த்தது. "ம்மா, இது டைசன் இல்ல. காது வேற மாதிரி இருக்குது."

"சும்மா இருடி, அண்ணன் பொய்யா சொல்லுவாரு?" என்று ரஞ்சிதம் அதட்டினாள்.

ரோட்டுக்குத் திரும்பியபோது பஸ் வந்தது. அவர்கள் ஏறவில்லை. ஊசி இல்லை என்று ஆனதில் பிள்ளைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அம்மா கையைப் பிடித்துக் குதித்துக்கொண்டே போனது, திரும்பி எனக்கு டாட்டா காட்டியது. ஊசி போட்ட கை வலித்தது. அந்தக் கையைத் தூக்கித்தான் நானும் காட்டினேன்.